பொன்னாடையும் தெருவிளக்கும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகை விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன மாதம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க நகராட்சியில முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியிருக்கீங்க. 'உள்ளாட்சியும் ஊர்ப் பெருமையும்'னு ஒரு தலைப்பு வச்சிருக்கோம். இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "தம்பி, எனக்கு மேடைப் பேச்சு வராது. அலுவலகக் குறிப்பு எழுதித்தான் பழக்கம்" என்றேன். "அப்ப குறிப்பாவே எழுதிக் கொண்டாந்து வாசிங்கண்ணே, மலருக்கும் ஆச்சு" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். அதனால்தான் கையில் தாளோடு நிற்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

நான் இங்கே படித்தது 1978 முதல் 1981 வரை. தென்கரையில் வீடு. தினமும் ஏ.வி. பாலத்தைத் தாண்டித்தான் கல்லூரி. 1880களில் கட்டிய பாலம் அது. ஆல்பர்ட் விக்டர் என்று ஓர் இளவரசர் பெயர் வைத்தார்கள். நமக்கு அது ஏ.வி. பாலம். கோரிப்பாளையத்தில் இறங்கினால் இந்தப் பக்கம் தர்கா, அந்தப் பக்கம் பெரியாஸ்பத்திரி. கையில் பிளாஸ்க்கும் போர்வையுமாக உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலத்துச் சனங்கள் வரிசையாகப் போவார்கள். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பது ராஜாஜி மருத்துவமனை என்று பெயர் மாறியும் ஊர் வாயில் அது பெரியாஸ்பத்திரிதான். அந்தக் கூட்டத்தில் புகுந்து, ஓடி, முதல் மணி அடிப்பதற்குள் வகுப்புக்கு வந்து சேர வேண்டும்.

ஒரு நாள் எங்கள் பேராசிரியர் வகுப்பில் நுழைந்ததும் ஒரு கேள்வி கேட்டார். "நேத்து ராத்திரி உங்க தெருவிளக்கு எரிஞ்சதா? எரிஞ்சிருந்தா யாருக்கு நன்றி சொன்னீங்க? எரியலைன்னா யார்கிட்டே போய்ச் சொன்னீங்க?" அறுபது பேர் வகுப்பு. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நாடாளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர் என்று கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏறிச் சொல்லியிருப்போம். எங்கள் வார்டு எண் எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. "இதுக்குப் பதில் கண்டுபிடிச்சவன் பரீட்சை எழுத வேண்டாம்" என்று சிரித்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்தப் பதில் 1984ல் கிடைத்தது, இளநிலை உதவியாளர் வேலையாக. தென்மாவட்டத்து நகராட்சிகள் சிலவற்றில் மாறி மாறி வேலை பார்த்து 2018ல் ஓய்வு பெற்றேன். அந்த அனுபவத்தில் ஒன்றே ஒன்றைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் சரியாக வரும்.

மதுரைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் விளக்குத்தூண் தெரியும். துணி எடுக்கப் போகிற இடம், போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற இடம். அந்தத் தூண் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். 1847ல் இந்த ஊர் மக்கள் வைத்தது அது. அப்போது கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். அந்தக் காலத்து மதுரை கோட்டைச் சுவருக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் அகழி, அதில் தேங்கிய தண்ணீர், அதிலிருந்து காய்ச்சல். கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வேண்டும். கஜானாவில் அதற்குப் பணம் கிடையாது. பிளாக்பர்ன் ஒரு வழி செய்தார். யார் எந்த இடத்தை இடித்து மேடு பள்ளம் நிரவுகிறார்களோ, அந்த இடம் அவர்களுக்கே என்றார். சனங்கள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். இன்றைக்கு நாம் வெளிவீதி என்று நடக்கிற நான்கு வீதிகளும் அப்படி வந்தவைதான். அளவெடுத்த மாரட் பெயரில் ஒரு வீதி, வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி. கலெக்டர் பெயருக்குச் சமமாக ஒரு மேஸ்திரி பெயரை வீதிக்கு வைத்த ஊர் நம்ம ஊர். அந்தக் காலத்தில் இது சாதாரணம் இல்லை.

கலெக்டருக்கு நன்றி சொல்ல மக்கள் என்ன வைத்தார்கள்? விளக்கு வைத்தார்கள். இருட்டில் நடக்கிறவனுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு மரியாதை. நான் சொல்ல வந்த விஷயத்துக்கும் இந்த விளக்குக்கும் தொடர்பு உண்டு. கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பத்தொன்பது ஆண்டு கழித்து, 1866 நவம்பர் 1ஆம் தேதி மதுரை நகராட்சி ஆனது. 1971 மே 1ஆம் தேதி மாநகராட்சி. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக மாநகராட்சி ஆனது நாம்தான். முதல் மேயர் மதுரை முத்து. பிறகு நீண்ட காலம் மன்றம் இல்லாமலும் இந்த ஊர் இருந்திருக்கிறது. 1992ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993ல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைப்படி இடம் என்று சட்டமே சொன்னது. அதன்படி 1996ல் தேர்தல் நடந்தது. அப்போது மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மதுரைக்குக் குழந்தைவேலு மேயர் ஆனார். 72 வார்டாக இருந்த ஊர், பக்கத்து நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து 2011ல் 100 வார்டு ஆனது. பெண்களுக்குப் பாதி இடம் என்பது தமிழ்நாட்டில் 2016ல் சட்டமானது.

மன்றக் கூட்டம் என்றால் பத்திரிகையில் வருவது வெளிநடப்பும் கூச்சலும்தான். முப்பத்துநாலு வருஷம் அந்த அரங்கின் மூலையில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில், உள்ளே உண்மையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் உறுப்பினர்களுக்கு அஜெண்டா போகும். பொருள் எண் 1, பஸ் நிலையக் கழிப்பிடக் குத்தகை. பொருள் எண் 2, நீரேற்று நிலையத்தில் மோட்டார் காயில் கட்டிய செலவு. பொருள் எண் 3, பிளீச்சிங் பவுடர் வாங்கியது. பொருள் எண் 4, இடிந்த சிறுபாலம். பொருள் எண் 5, வாரச்சந்தை ஏலம். ஒவ்வொன்றின் அடியிலும் 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது' என்று இருக்கும். படித்தால் தூக்கம் வரும். ஆனால் மோட்டார் காயில் கட்டவில்லை என்றால் ஒரு தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும். பிளீச்சிங் பவுடர் வரவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி வார்டில் படுக்கை நிறையும். ஊரின் உயிர் அந்தத் தூக்கம் வரும் தாளில்தான் இருக்கிறது.

அந்த அரங்கில் நான் பார்த்த நல்ல உறுப்பினர்கள் யாரும் பெரிய பேச்சாளர்கள் அல்ல. ஓர் அம்மா இருந்தார். 1996ல் முதல் முறையாக வென்றவர். ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் எழுந்து, "பொருள் எண் 4ல சொன்ன பாலம் எங்க தெருவில இருக்கு. போன வருஷமும் இதே பாலத்துக்குப் பில் போட்டிருக்கீங்க. இடிஞ்சது எந்தப் பாலம், கட்டினது எந்தப் பாலம்?" என்றார். அரங்கம் அடங்கிப்போனது. அந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது. என் சர்வீசில் நான் ரசித்து எழுதிய தீர்மானங்களில் அதுவும் ஒன்று.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

2016. ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம். நான் அங்கே மேலாளர். அந்த ஊர்ப் பள்ளி மாணவி ஒருத்தி, பதினோராம் வகுப்பு, மாநில அளவில் 800 மீட்டர் ஓட்டத்தில் பதக்கம் வாங்கி வந்தாள். அவள் அம்மா பஸ் நிலையத்துக்கு வெளியே பூக்கட்டி விற்கிறவர். ஊருக்கே சந்தோஷம். மன்றத்தில் பாராட்டுத் தீர்மானம். விழா எடுக்க அனுமதி. மைக் செட், பந்தல், நாற்காலி, கேடயம், பொன்னாடை எல்லாமாகப் பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கம் செலவு. தீர்மானத்தை எழுதியவன் நான்தான். 'நகருக்குப் பெருமை சேர்த்த' என்று தொடங்கி அழகாகவே எழுதியிருந்தேன்.

விழா நடந்தது. ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பிள்ளை பொன்னாடைக்குள்ளே காணாமலே போய்விட்டாள். கடைசியில் ஏற்புரை பேசச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, தாளை மடித்துவிட்டு, ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். "நான் ஓடுறது நகராட்சி மைதானத்துலங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டு, அம்மாவுக்குப் பூ கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றதுக்குள்ள இருட்டிருது. அங்க ரெண்டு லைட்டு மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்து, "உடனே போட்டுத் தர்றோம்மா" என்றார். சும்மா சொல்லவில்லை. அடுத்த கூட்டத்திலேயே பொருளாக வைத்தோம். இரண்டு கம்பம், நான்கு விளக்கு. ஒருமனதாக நிறைவேறியது. மதிப்பீடு தயாரிக்கப் பொறியியல் பிரிவுக்குக் கோப்பு போனது.

கோப்பு திரும்பி என் மேசைக்கு வந்தபோது செப்டம்பர் கடைசி. உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தாகிவிட்டது, நடத்தை விதிகள் வந்துவிட்டன. அக்டோபர் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அந்த மாதமே மன்றத்தின் பதவிக்காலமும் முடிந்தது. தனி அலுவலர் வந்தார். இன்றோ நாளையோ தேர்தல் என்று எல்லோரும் நினைத்தோம். நான் அந்தக் கோப்பின் மேல் ஒரு வரி எழுதினேன்: 'புதிய மன்றம் அமைந்த பின் வைக்கவும்.'

நகர்ப்புறத்தில் புதிய மன்றம் எப்போது அமைந்தது தெரியுமா? 2022 பிப்ரவரி 19ஆம் தேதி தேர்தல், மார்ச்சில் பதவியேற்பு. ஐந்து ஆண்டுக்கும் மேலே. தமிழ்நாட்டு நகரங்கள் எதிலும் உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க ஓர் ஆள் இல்லை. அலுவலகம் நடந்தது, சம்பளம் போட்டோம், வரி வாங்கினோம், தண்ணீர் விட்டோம். ஆனால் 'இடிஞ்சது எந்தப் பாலம்' என்று கேட்க அந்த அரங்கில் யாரும் இல்லை. நாற்காலிகளுக்கு உறை போட்டு மூடி வைத்திருந்தோம்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மன்றத்தின் அதிகாரம் தனி அலுவலருக்கு இருந்தது. தீர்மானமும் ஏற்கெனவே இருந்தது. கோப்பை நான் அவர் முன்னால் வைத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். நல்ல மனுஷர். நான் வைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் வைக்கவில்லை. தப்பு என்னுடையது. அரசாங்கத்து மேலேயோ நீதிமன்றத்து மேலேயோ பழி போட நான் இங்கே நிற்கவில்லை.

2019ல், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். பஸ் நிலையத்தில், "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். அந்தப் பிள்ளை. ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். "ஓடுறியாம்மா?" என்றேன். "இல்ல சார். ஒரு நாள் இருட்டுல ரெண்டு பேரு வண்டில பின்னாடியே வந்தாங்க. அம்மா அதோட வேணாம்னுட்டாங்க" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "பொன்னாடை எல்லாம் பத்திரமா இருக்கு சார். லைட்டுதான் வரல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும்.

நண்பர்களே, ஊர்ப் பெருமை என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தீர்கள். நாம் யாரைப் பாராட்டினாலும் விழாவோடு முடித்துவிடுகிறோம். அவர்கள் அந்த நிலைக்கு வர எது தேவைப்பட்டது, அடுத்தவர் வர எது தேவை என்று கேட்டு, அதை அஜெண்டாவில் ஏற்றி, முடியும் வரை பின்னால் போக வேண்டும். அதுவரை பாராட்டு பாதியில்தான் நிற்கிறது. இதுதான் நான் சொல்ல வந்த ஒன்று.

காலி நாற்காலி என்றதும் மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். தலைவர் பதவி 1996ல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். பத்து வருஷம் அங்கே தலைவர் நாற்காலியில் ஒருவரை உட்கார விடவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. மேலூர்ப் பக்கம் மேலவளவில் முருகேசன் ராஜினாமா செய்யவில்லை. ஊராட்சித் தலைவராக நின்றார். 1997 ஜூன் 30ஆம் தேதி, மதுரைக்கு வந்து கலெக்டர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். நாம் வார்டு எண்கூடத் தெரிந்துகொள்ளாமல் விட்ட அந்தப் பதவிக்காகச் சிலர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள்.

2006 அக்டோபரில் அந்த மூன்று ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். அப்போது நம் மாவட்டக் கலெக்டர் உதயச்சந்திரன். ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பேசித்தான் அது நடந்தது. ஊர்ப் பெரியவர்களும் இறங்கி வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து, அன்றைய முதலமைச்சர் கலைஞர் 'சமத்துவப் பெருவிழா' எடுத்தார். பதினைந்து ஆண்டு கழித்து, 2021 அக்டோபர் 2ஆம் தேதி பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சர் ஸ்டாலின் போய் உட்கார்ந்தார். இதையும் ஊர்ப் பெருமைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன். பத்து வருஷ வெட்கத்தை ஒரு மாவட்டம் தானே துடைத்துக்கொண்டது சின்ன விஷயமா?

பெருமைக்கு ஆள் தேட நாம் தூரம் போக வேண்டியதில்லை. யானைமலை ஒத்தக்கடைப் பக்கம் கொடிக்குளம். அங்கே ஆயி அம்மாள் என்கிற பூரணம், வங்கி ஊழியர். தம் மகள் ஜனனியின் நினைவாக ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர்ப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆக வேண்டும், அதற்கு இடம் வேண்டும் என்பதுதான் காரணம். பல கோடி பெறும் நிலம். 2024 குடியரசு நாளில் அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. அந்த அம்மாவின் மனசைக் கவனியுங்கள். பள்ளிக்கு எது குறை என்று பார்த்து அதைக் கொடுத்தார். சிலை வைக்கவில்லை, மண்டபம் கட்டவில்லை.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டியது. நான் படிக்கிற காலத்தில் அங்கே கிரிக்கெட் ஆடியிருக்கிறேன்; ஏன், எனக்கு அடுத்த தலைமுறையும் ஆடியிருக்கிறது. வைகையிலிருந்து பனையூர் கால்வாய் வழியாகத் தண்ணீர் வர வேண்டும். கால்வாய் அடைத்துக்கொண்டு கிடந்தது. அண்மை ஆண்டுகளில் அதைச் சீராக்கியபின் குளம் நிரம்பி நிற்பதைப் பார்க்கிறோம். சாயங்காலம் ஊரே அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறது. படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கால்வாய்க்குள் இறங்கிச் சகதி அள்ளிய தொழிலாளி ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கி, கூட்டம் கலைந்த பிறகு, ஏ.வி. பாலத்துப் பக்கம் நின்று பாருங்கள். இலட்சக்கணக்கான சனம் விட்டுப்போனதை அடுத்தடுத்த நாளில் அள்ளிச் சுத்தம் செய்கிறவர்கள் யார் என்று தெரியும். அவர்களுக்கு எந்த மலரில் படம் போட்டோம்?

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 25ஆம் தேதி. மதியம் மூன்று மணிக்கு மேல் கால் மணி நேரத்தில் நாலரை சென்டிமீட்டர் மழை. அந்த ஒரு பகலில் பத்து சென்டிமீட்டருக்குப் பக்கம். செல்லூர், நரிமேடு எல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். நம் பழைய மாணவர் வீடுகளும் தப்பவில்லை. செல்லூர்க் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். போகிற வழி போதவில்லை. அதன் பிறகு கண்மாயிலிருந்து ஆற்றுக்குச் சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாயை அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் வாய்க்கால் எங்கே ஓடுகிறது, எங்கே குறுகுகிறது, யார் வீட்டுச் சுவர் உள்ளே வந்திருக்கிறது என்பது மழை வருவதற்கு முன்னாலும் அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் உங்கள் வார்டு.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று வேலை சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். மணி அடிக்கிறவர் என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் வேலை, உங்கள் வார்டு எண்ணையும் உறுப்பினர் பெயரையும் இன்று ராத்திரிக்குள் தெரிந்துகொள்ளுங்கள். ஹாஸ்டல் மாணவர்கள் உங்கள் ஊர் ஊராட்சித் தலைவராக இருந்தவர் யார், இருப்பவர் யார் என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது, கிராமத்துக்குக் கிராம சபை இருப்பது போல நகரத்துக்குப் பகுதி சபை என்று ஒன்று 2022ல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி பல ஊர்களில் முதல் முறையாகக் கூடியது. நவம்பர் 1 நம் மதுரை நகராட்சியின் பிறந்த நாளும்கூட என்பதை மறக்க வேண்டாம். உங்கள் பகுதியில் எப்போது கூடுகிறது என்று கேட்டுப் போய் உட்காருங்கள். கூட்டவில்லை என்றால் எப்போது கூட்டுவீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். பத்துக் கோரிக்கையோடு போனால் பத்தும் நடக்காது. இது அலுவலக ரகசியம், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். கோரிக்கை கொடுத்தால் எண் வாங்குங்கள். கோப்பு எண், தீர்மான எண், தேதி. எண் இருந்தால் கோப்பு சாகாது. 2005லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாயில் கேட்கலாம். 'யாரும் கேட்கவில்லை, அதனால் வைக்கவில்லை' என்றேனே, அந்த நிலைமை என்னைப் போன்ற இன்னொரு மேலாளருக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்காவிட்டால் மறந்துவிடுகிறவர்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சாதனையாளர்களை மேடை ஏற்றுகிறோம். பாராட்டப்படுகிறவரிடம் "உங்க ஊருக்கு என்ன வேணும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் வரவு செலவு வாசிப்பதோடு அதையும் வாசியுங்கள்.

அந்த விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2022ல் அந்த வார்டில் ஓர் இளம்பெண் உறுப்பினராக வந்தார். யாரிடமோ என் நம்பரை வாங்கி, "சார், மைதான லைட்டுக்குப் பழைய தீர்மானம் ஒண்ணு இருக்காமே, நம்பர் ஞாபகம் இருக்கா?" என்றார். ஞாபகம் இருந்தது. தீர்மான எண்ணும் தேதியும் சொன்னேன். கோப்பு எந்த பீரோவில், எந்தத் தட்டில் இருக்கும் என்றும் சொன்னேன். இரண்டாவது கூட்டத்திலேயே பொருளாக வைத்தார். 2023ல் விளக்குப் போட்டார்கள்.

ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். இரண்டு கம்பம், நான்கு விளக்கு, மதிப்பீட்டில் இருந்தபடியே. ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுற்றி வருவதற்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். விளக்குக் கேட்டவள் அங்கே இல்லை. கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். விளக்கு எரிவதை மகளிடம் போனில் சொன்னாராம். "அப்பாடா" என்றாளாம்.

எங்கள் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு நாற்பது வருஷம் கழித்துப் பதில் சொல்லியிருக்கிறேன். பரீட்சை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னது என் விஷயத்தில் பொருந்தாது.